தங்கு நினைவகம்

பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பென்டிரைவை நீட்டிக் கேட்டாள்: "சார், இதை அழியா நினைவகம்னு போட்டிருக்காங்க. அழியாதுன்னா டெலிட் எப்படி ஆகுது?"

நியாயமான கேள்வி. 'நான்-வாலட்டைல் மெமரி'யை அழியா நினைவகம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அழித்து அழித்து எழுதவே செய்த பொருளுக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை.

லத்தீனில் 'வொலாரே' என்றால் பறத்தல். ஸ்பிரிட் போல, மூடி திறந்தால் ஆவியாகிப் போவதை வேதியியலில் வாலட்டைல் என்பார்கள். கணினித்துறை அதை இரவல் வாங்கி, கரண்ட் போனதும் எல்லாவற்றையும் இழக்கும், கணினியின் தற்காலிக நினைவகமான ரேமுக்கு வைத்துக்கொண்டது. ஆக, சொல்லுக்குள் இருப்பது பறந்து போவதும் போகாததும்தான்.

பென்டிரைவில் பறக்காமல் இருப்பது எலக்ட்ரான். 1967-ல் பெல் ஆய்வகத்தின் டாவன் காங், சைமன் ஸீ இருவரும் ஒரு வழி சொன்னார்கள்: சிப்பில் சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டருக்குள், மின்கடத்தாப் படலங்களுக்கு நடுவே, எதனோடும் இணையாத ஒரு தகட்டை வைத்து அதில் மின்னூட்டத்தை நிறுத்தலாம். 'ஃப்ளோட்டிங் கேட்' என்கிற இதை மிதவை வாயில் எனலாம். ஒரு சிக்கல் உண்டு: படலத்தில் ஓரிடம் பழுதானாலும் தகட்டின் மின்னூட்டம் முழுவதும் கசிந்துவிடும். அல்சூர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கரை ஓரிடத்தில் உடைந்தால் ஏரியே வடிந்துவிடும். அதே தண்ணீரை ஆயிரம் குடங்களில் வைத்தால், ஒன்று ஓட்டையானால் ஒரு குடத்துத் தண்ணீர்தான் போகும். தகட்டை எடுத்துவிட்டு நானோ துகள்களை வைக்கும் யோசனை இதுதான். 1990-களில் ஐபிஎம்மில் சந்தீப் திவாரியின் குழு சிலிக்கன் துகள்களை வைத்தது. அப்புறம் தங்கம், பிளாட்டினம் போன்ற உலோகங்கள் வந்தன. தங்கத்துக்குள் இறங்கிய எலக்ட்ரான் ஆழக் கிணற்றில் விழுந்த மாதிரி. டிரான்சிஸ்டரின் சிலிக்கனுக்குத் திரும்ப ஏறிவருவது கடினம். துகள் செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் உலோகத்தைப் பூசிச் சூடாக்கினால், படலம் அறுந்து, சேம்பு இலைமேல் தண்ணீர் போல மணிமணியாகத் திரண்டுகொள்ளும். பிள்ளையின் பென்டிரைவில் இது இல்லை. உலோகத் துகள் இன்னும் ஆய்வுக்கூடத்து முறைதான்.

நானோ என்பது கிரேக்க 'நானோஸ்', அதாவது குள்ளன். அளவையில் மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு நானோமீட்டர். தமிழில் 'குறள்' என்ற சொல்லுக்கும் குறுமை, குள்ளன் என்ற பொருள்கள் உண்டு. ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையைத் தாண்டும்போதெல்லாம் 'குறள்துகள்' என்று சொல்லிப் பார்க்கிறேன், இனிக்கிறது. ஆனாலும் நானோ துகளுக்கு மீநுண்துகள் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது; நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று 'நுண்' மைக்ரோவுக்குப் போய்விட்டதால் 'மீ' சேர்த்தது பொருத்தமே. அதை மாற்ற வேண்டாம்.

மாற்ற வேண்டியது 'அழியா'வை. 'நிலையான' என்றாலும் மாறவே மாறாது என்று கேட்கிறது. என் தெரிவு 'தங்கு நினைவகம்'. தங்க வந்தவர் நாமாக அனுப்பும்வரை இருப்பார், அனுப்பினால் கிளம்புவார். துகளுக்குள் எலக்ட்ரான் செய்வதும் அதுவே: கரண்ட் இல்லாமலும் வருடக்கணக்கில் தங்கும், எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் வெளியேறும்.

கரும்பலகையில் எழுதினேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்: "அப்போ ரேம், தங்கா நினைவகமா சார்?"

"ஆமாம்மா, அதேதான்."