வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்றால் ஓட்டை விழுந்த செடியை வாங்குங்கள்

வசந்தம் வந்துவிட்டால் நர்சரியில் எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் பூக்கும், எல்லோரும் ஒரே சமயத்தில் வருவார்கள், அதில் பலர் கேட்பது ஒன்றே: "வண்ணத்துப்பூச்சி வர்ற மாதிரி ஒரு செடி கொடுங்க." பென்டாஸ், ஜினியா, இட்லிப்பூ என்று எடுத்துக் கொடுப்பேன், சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். சில வாரம் கழித்து அவர்களில் ஒருவர் எலுமிச்சைக் கன்றின் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "புழு அரிச்சுடுச்சு, ஏதாவது மருந்து கொடுங்க" என்பார்.

அந்தப் புழுதான் அவர் கேட்ட வண்ணத்துப்பூச்சி.

இதை ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லித்தான் எழுதவே உட்கார்ந்தேன். பூ என்பது வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் குடிக்கும் இடம், அவ்வளவுதான். தேன் தீர்ந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அது உங்கள் தோட்டத்திலேயே பெருக வேண்டுமென்றால் முட்டை வைக்க இலை வேண்டும், அதுவும் ஏதோ ஒரு இலை இல்லை. எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சைக் குடும்பம், வெந்தய வரியனுக்கு எருக்கு, வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி, கொன்னை வெள்ளையனுக்குக் கொன்றை. பெண் பூச்சி இலையில் உட்கார்ந்து முன்னங்காலால் படபடவென்று தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காலில்தான் அதற்குச் சுவை தெரியும், இது நம் பிள்ளைகள் சாப்பிடக்கூடிய இலைதானா என்று சோதித்துவிட்டுத்தான் முட்டை வைக்கும். எலுமிச்சைக் கன்றில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் அவசரப்பட்டு வழித்துப் போடாதீர்கள், எலுமிச்சை அழகியின் சின்னப் புழு அப்படித்தான் இருக்கும். பெரிதானதும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஒரு ஆரஞ்சுக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். கடிக்காது, கொட்டாது. இரண்டு மூன்று வாரம் இலை தின்றுவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும். நல்ல வேர் பிடித்த செடி அதற்கப்புறம் திரும்பத் துளிர்க்கும். கன்று ரொம்பச் சின்னது, பட்டுப்போய்விடும் என்று பயமாக இருந்தால் புழுவைக் கிளையோடு வெட்டி வேறொரு எலுமிச்சையில் விடலாம், கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான்.

இப்போது எங்கள் பக்கத்துத் தவறைச் சொல்ல வேண்டும். நர்சரியில் இலை பளபளவென்று இருந்தால்தான் செடி விற்கும், ஒரு ஓட்டை இருந்தால்கூட ஒதுக்கிவிடுவார்கள். அதனால் மருந்து அடிக்கிறோம். மேலே தெளிப்பது சில நாளில் போய்விடலாம், ஆனால் வேரில் ஊற்றும் மருந்து வேறு வகை. அது சாறோடு ஏறி இலை, மகரந்தம், தேன் என்று எல்லா இடத்துக்கும் போகும், மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். நானும் ஊற்றியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எலுமிச்சைக் கன்றுகளில் இலைத்துளைப்பான் தொல்லை தாங்காமல் ஒரு வரிசை முழுக்க இமிடாகுளோப்ரிட் என்ற வேர் மருந்தை ஊற்றினேன். சில வாரத்தில் கன்றுகள் அழகாகத் துளிர்த்தன, எலுமிச்சை அழகியும் வந்து முட்டை வைத்தது. பொரிந்த புழுக்கள் இரண்டு நாள் தாண்டவில்லை, இலை ஓரத்தில் சுருண்டு காய்ந்து கிடந்தன. அந்தக் கன்றுகளைத்தான் "வண்ணத்துப்பூச்சி வரும்" என்று சொல்லி விற்க வைத்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

இமிடாகுளோப்ரிட், அதே வகை மருந்துகளான தையமெதாக்சாம், குளோத்தியானிடின் மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டது. தேனீக்களுக்கு வரும் ஆபத்துதான் காரணம். அப்போது கடைசிவரை பசுமைக்குடிலுக்குள்ளேயே இருக்கும் செடிக்கு மட்டும் விலக்கு இருந்தது, அதாவது வெளியே போகும் செடிக்குக் கூடாது. எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் எங்களிடம் இருக்கும் செடி எல்லாமே வெளியே போவதற்காக வளர்வதுதான்.

அதனால் வாங்கும்போது வாய்விட்டுக் கேளுங்கள்: வேரில் மருந்து ஊற்றினீர்களா, எப்போது, என்ன மருந்து? பதில் மழுப்பலாக வந்தால் புழு தின்னும் செடியை அங்கே வாங்க வேண்டாம், விதையோ பதியமோ போட்டு நீங்களே வளர்த்துக்கொள்ளலாம். இலையில் ஓட்டையும் அதன் பக்கத்தில் உயிரோடு நன்றாக வளர்ந்த ஒரு புழுவும் இருந்தால், அந்தச் செடி சுத்தமானது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது. வீட்டில் "இயற்கை மருந்துதானே" என்று வேப்பெண்ணெய் அடிப்பவர்களும் கவனியுங்கள், வேம்பு புழு தோலுரிப்பதையே கெடுக்கும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும்.

பூச்செடி விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஜினியா, காஸ்மோஸ் மாதிரிப் பூக்களில் நடுவில் இருக்கும் மஞ்சள் பொட்டு ஒரே பூ இல்லை, பல குட்டிக் குழல் பூக்கள், தேன் அதில்தான் இருக்கிறது. அடுக்கு ரகத்தில் அந்தக் குழல்கள் பெரும்பாலும் இதழாகிவிட்டிருக்கும். கண்ணுக்கு நிறைவாக இருக்கும், பூச்சி வந்து ஏமாந்து போகும். ஒற்றை அடுக்கு கேளுங்கள், ஒரே வகைச் செடியாக நான்கைந்து சேர்த்து, நல்ல வெயில் விழும், காற்று அடிக்காத இடத்தில் வையுங்கள். உடம்பு சூடேறாமல் வண்ணத்துப்பூச்சியால் பறக்க முடியாது.

இந்த வருடம் முன் வரிசையிலேயே ஓட்டை விழுந்த எருக்கும் எலுமிச்சையும் வைத்திருக்கிறேன், "புழு இருக்கிறது, தட்டிவிட வேண்டாம்" என்று அட்டையோடு. வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: புழு கூட்டுப்புழுவானதும் தொட்டியை நகர்த்தாதீர்கள். கூடு கருத்து, உள்ளே இறக்கையின் நிறம் தெரிய ஆரம்பித்தால் அநேகமாக அடுத்த நாள் காலையில் வெளியே வரும். வந்ததும் இறக்கை ஈரமாகச் சுருங்கியிருக்கும், விரிந்து காய ஓரிரு மணி நேரம் ஆகும், உதவுகிறேன் என்று தொட்டுவிடாதீர்கள். அன்றைக்குத் தண்ணீரை மேலிருந்து தெளிக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.