இலவசப் படத்துக்கு வரும்போது பெட்டியில் இருக்கிற கடதாசியையும் கொண்டுவாருங்கள்

மலையகத்தில் சின்ன நூதனசாலை ஒன்று ‘மாலை உரை, பிறகு படம், அனுமதி இலவசம்’ என்று அறிவித்தால் ஆசிரியர்மார் வருவார்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் வருவார்கள். தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருக்கிற ஆட்கள் வருவது குறைவு. “அதெல்லாம் படிச்சவங்களுக்கு” என்ற நினைப்பு ஒரு காரணம். கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிற நேரத்தில் கூட்டம் வைப்பது இன்னொன்று. பழைய ஆவணங்களைப் பராமரிப்பது என் தொழில். என்னைக் கேட்டால், அந்த மாலைக்கு முதலில் வரவேண்டியவர்கள் லயத்து ஆட்கள்தான்.

கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் லயத்தையே நூதனசாலையாக்கி 2007இல் திறந்தார்கள். இப்படியான இடங்களில் இருக்கும் படங்களுக்குப் பாதி விபரம் கிடையாது. திரையில் ஒரு பெரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) தெரிந்தால், அது எந்த டிவிஷன், நிற்கிற கங்காணி யார் என்று ஓர் அப்பாயியால்தான் சொல்லமுடியும்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் பிரஜாவுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரைப் பற்றியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. உரையில் இது ஒரு நிமிடம். அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை என்று பிரிந்த விதத்தைச் சொல்லும் கடதாசி உங்கள் தகரப்பெட்டியில் கிடக்கிறது.

அதைத் தயவுசெய்து லெமினேட் செய்யாதீர்கள். சூட்டில் உருகும் பசை தாளோடு ஒட்டிவிட்டால் பிறகு எங்களாலும் பிரிக்கமுடியாது. செலோடேப்பும் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சள் கறை இறங்கும். தாளுக்கு ஏற்ற ஈரப்பதம் சுமார் 50 சதவீதம். நம் மழைக்காலத்தில் 80ஐத் தாண்டுவது சாதாரணம். பூஞ்சணம் பிடித்தால் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். காய்ந்தபின் முகக்கவசம் போட்டு, வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். போட்டோவின் பின்பக்கம் பெயர் எழுதப் பென்சில் போதும், பேனை வேண்டாம். வினாகிரி நாற்றம் அடிக்கும் பழைய பிலிம் சுருளை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

அப்புறம், மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நூதனசாலையிடம்கூட. பிரதி எடுக்கட்டும், கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் இன்றும் தேவைப்படுகிற கடதாசிகள். பழைய கடிதம், தோட்டத்துத் துண்டுச்சீட்டு மாதிரி எதையாவது கொடுக்க விரும்பினால் கையொப்பமிட்ட ரசீது கேளுங்கள். பிரதி வேறோர் இடத்தில் இருப்பதன் அருமை மீரியபெத்தைத் தோட்டத்துக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 அன்று அங்கே மண்சரிவு லயங்களையே மூடியது.

ஏற்பாட்டாளர்களுக்கும் கொஞ்சம். போயா (பௌர்ணமி) தினத்தில் வையுங்கள்: விடுமுறை, திரும்பிப் போகிற பாதையில் நிலவும் இருக்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன், ஜூலையில் தகரக்கூரைக்குக் கீழ் படம் போட்டால் மழைச்சத்தம்தான் கேட்கும். இலவசக் காட்சி என்றாலும் படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடதாசிகளைப் பிரதியெடுக்கும் மேசையைப் படத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். படம் முடிந்ததும் எல்லோரும் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.