ஓர் இணைப்பின் எடை: பேக்லிங்க் எப்படி மதிப்புப் பெறுகிறது?

ஒரு வலைப்பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைத் தேடுபொறி அப்படியே நம்பிவிட முடியாது. 1990களின் நடுப்பகுதியில் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சொற்களையே எண்ணிப் பார்த்தன. அதனால் ஒரே சொல்லை நூறு முறை எழுதி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மறைத்து வைத்தவர்கள்கூடப் பட்டியலின் மேலே வந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1996இல் இந்தச் சிக்கலை வேறொரு திசையிலிருந்து அணுகினார்கள். ஒரு பக்கம் என்ன சொல்கிறது என்பதோடு, பிற பக்கங்கள் அதை எந்த அளவுக்குச் சுட்டுகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். ஒரு தளத்தை நோக்கி வெளியிலிருந்து வரும் இணைப்பே பேக்லிங்க். அதை ஆராய்ந்ததாலேயே அத்திட்டத்துக்கு முதலில் ‘பேக்ரப்’ என்று பெயர் வைத்தார்கள். அதுவே பின்னர் கூகுள் ஆயிற்று.

இந்த எண்ணத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் முறையைத் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். எல்லா மேற்கோளையும் ஒரே எடையாகக் கொள்ளக் கூடாது, பலரால் மேற்கோள் காட்டப்படும் இதழ் தரும் மேற்கோளுக்கு எடை கூடுதல் என்று 1976இல் கேப்ரியல் பின்ஸ்கியும் பிரான்சிஸ் நாரினும் கணித வடிவில் காட்டினார்கள். நம் உரையாசிரியர்கள் எடுத்தாண்டதால் மட்டுமே சில பாடல்களாவது மிஞ்சிய பழந்தமிழ் நூல்கள் உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு, மேற்கோள் என்பது ஒரு நூலின் மதிப்புக்குச் சான்றாக நிற்க முடியும் என்ற கருத்து வியப்பைத் தராது.

பேஜும் பிரின்னும் உருவாக்கிய பேஜ்ரேங்க் என்ற கணக்கை விளங்கிக்கொள்ள, இணையத்தில் கால்போன போக்கில் உலவும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அவர் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளில் ஏதோ ஒன்றை அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போகிறார், அங்கிருந்து இன்னொன்றுக்கு. ஒவ்வொரு முறையும் அவர் இணைப்பைத் தொடர்வதற்கான வாய்ப்பு 85 விழுக்காடு. சலிப்புற்று, தொடர்பே இல்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவுவதற்கான வாய்ப்பு 15 விழுக்காடு. இப்படி முடிவில்லாமல் உலவினால் எந்தப் பக்கத்தில் அவர் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதே அந்தப் பக்கத்தின் மதிப்பெண். எந்தப் பக்கத்தின் மதிப்பெண்ணும் மற்றவற்றின் மதிப்பெண்ணைச் சார்ந்தது என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்துவிட்டு, எண்கள் நிலைபெறும்வரை கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். தொடக்க காலத்தில் 32.2 கோடி இணைப்புகள் கொண்ட தொகுப்பில் ஏறத்தாழ 52 சுற்றுகளிலேயே எண்கள் நிலைபெற்றுவிட்டன.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மதிப்பெண் 8 பெற்ற ஒரு பக்கத்தில் 4 இணைப்புகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 2 வீதம் பிரிந்து, 0.85ஆல் பெருக்கப்பட்டு, 1.7 மதிப்பெண் போய்ச் சேரும். அதே மதிப்பெண் கொண்ட இன்னொரு பக்கத்தில் 400 இணைப்புகள் குவிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.017 மட்டுமே. யாருமே சுட்டாத புதிய பக்கத்துக்கும் சலிப்புத் தாவலின் பயனாக 0.15 என்ற அடிப்படை மதிப்பெண் உண்டு. அது ஒரே ஓர் இணைப்பைத் தந்தால் 0.1275 கிடைக்கும். ஆகவே நல்ல பக்கம் ஒன்று தரும் 1.7ஐ எட்ட, யாரும் அறியாத 14 பக்கங்கள் போதும். தரமான இணைப்பு ஏன் விலைமதிப்பற்றது என்பதற்கும், ஆளில்லாத பக்கங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கி ஒரே தளத்தைச் சுட்டவைக்கும் ‘இணைப்புப் பண்ணைகள்’ ஏன் முளைத்தன என்பதற்கும் விடை இந்த ஒரே கணக்கில்தான் இருக்கிறது. பக்கங்களை உருவாக்க அநேகமாகச் செலவே இல்லை என்றால், அந்த அடிப்படை மதிப்பெண்ணை யார் வேண்டுமானாலும் மூட்டை மூட்டையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த ஓட்டையை அடைப்பதே அடுத்த இருபதாண்டுகளின் வேலையாயிற்று. ஸ்டான்ஃபோர்ட், யாகூ ஆய்வாளர்கள் 2004இல் ‘டிரஸ்ட்ரேங்க்’ என்ற முறையை முன்வைத்தார்கள். மனிதர்கள் நேரில் பார்த்து நம்பகமானவை எனத் தேர்ந்த இருநூறுக்கும் குறைவான தளங்களிலிருந்து மட்டுமே நம்பிக்கையைப் பாயவிட்டு, அவற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் ஒரு பக்கம் இருக்கிறது என்று அது பார்த்தது. நல்ல தளங்கள் போலித் தளங்களை அரிதாகவே சுட்டும் என்ற எளிய உண்மைதான் அதன் அடித்தளம். 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். ஆகிய மூன்று தேடுபொறிகளும் ‘நோஃபாலோ’ என்ற குறியீட்டை ஏற்றன; பொதுமக்கள் கருத்து எழுதும் இடங்களில் வைக்கப்படும் இணைப்புகளுக்கு மதிப்பெண் போகாமல் தடுப்பது அதன் நோக்கம். 2019இல் விளம்பர இணைப்புகளுக்கும் பயனர் எழுதியவற்றுக்கும் தனித்தனிக் குறியீடுகள் வந்தன. அப்போது முதல் கூகுள் இவற்றைக் கட்டளையாகக் கொள்ளாமல், ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறது.

2011 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட ஒரு விசாரணைக் கட்டுரை இந்த வரலாற்றில் திருப்புமுனை. ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம், தனக்குத் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்கள் தந்த இணைப்புகளால் பல பொருள்களுக்கான தேடலில் முதலிடத்தில் நின்றதை அது வெளிப்படுத்தியது. அந்த இணைப்புகளுக்குத் தாங்கள் ஒப்புதல் தரவில்லை என்றது நிறுவனம். கூகுள் நடவடிக்கை எடுத்த இரவில், ஒரு பயணப்பெட்டி பற்றிய தேடலில் இரண்டு மணி நேரத்துக்குள் அத்தளம் முதலிடத்திலிருந்து 71ஆம் இடத்துக்குச் சரிந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 24 அன்று போலி இணைப்புகளைப் பிடிக்கக் கூகுள் தன் தேடல் கணக்கில் செய்த ‘பெங்குவின்’ என்ற மாற்றம் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 விழுக்காடு பாதிக்கப்பட்டது. 2016 முதல் அது கூகுளின் அடிப்படைக் கணக்கிலேயே கலந்துவிட்டது. அதிலிருந்து, போலி இணைப்புக்காகத் தளத்தையே கீழே தள்ளுவதைவிட, அந்த இணைப்பை இல்லாததாகக் கருதுவதே பெரும்பாலான வழக்கம். காசு கொடுத்து வாங்கிய இணைப்பு இன்று பெரும்பாலும் தண்டனையைக்கூடக் கொண்டுவருவதில்லை. ஒன்றுமே கொண்டுவராமல் பணத்தை மட்டும் கொண்டுபோகிறது. சிறு தொழில் செய்பவர்களிடம் ‘மாதம் 500 பேக்லிங்க்’ என்று விலை பேசுவோரைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

எந்த இணைப்புக்கு எடை உண்டு என்பதை இன்னும் கூர்மையாக்கிய கருத்து ஒன்று உண்டு. கூகுள் 2004இல் விண்ணப்பித்து 2010இல் பெற்ற ஒரு காப்புரிமை, கால்போன போக்கில் உலவுபவருக்குப் பதிலாக ஓரளவு யோசித்து நடப்பவரை வைத்துக் கணக்கிடுகிறது. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் இணைப்பை அவர் அழுத்த வாய்ப்புக் குறைவு; கட்டுரையின் நடுவில், பேசப்படும் பொருளோடு ஒட்டிவரும் இணைப்பை அழுத்த வாய்ப்பு அதிகம்; எடையும் அதற்கேற்பப் பிரியும். காப்புரிமையில் எழுதியதெல்லாம் அப்படியே நடைமுறையில் இருக்கிறது என்று கொள்ளக் கூடாது. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது: ஒரு வாசகர் உண்மையிலேயே அழுத்திப் போகக்கூடிய இணைப்புதான் நல்ல இணைப்பு. இணைப்பைத் தாங்கும் சொற்களும் சாட்சி சொல்கின்றன. இயல்பாகச் சுட்டுபவர்கள் ஒருவர் நிறுவனத்தின் பெயரையும், ஒருவர் கட்டுரைத் தலைப்பையும், ஒருவர் வெறும் ‘இங்கே’ என்ற சொல்லையும் பயன்படுத்துவார்கள். நூறு பேரும் ‘மலிவு விலை மோட்டார்’ என்றே எழுதியிருந்தால் அவர்கள் நூறு பேர் அல்லர் என்பது கணினிக்கும் விளங்கும்.

இன்று பயன் தரும் உத்திகள் எல்லாவற்றையும், இணைப்பைத் தருபவரின் இடத்திலிருந்து பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். எழுதுபவர் ஒருவர் தன் வாசகரை ஏன் வெளியே அனுப்புகிறார்? தான் சொன்ன ஓர் எண்ணுக்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது. அல்லது தானே விளக்கினால் பத்துப் பக்கம் ஆகும் ஒன்றை வேறொருவர் ஏற்கெனவே செம்மையாக விளக்கியிருக்கிறார். கோவையில் போர்வெல் மோட்டார் பழுதுபார்க்கும் ஒரு பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘சிறந்த மோட்டார் வாங்குவது எப்படி’ என்ற கட்டுரையை அவர்களும் எழுதினால், அதுபோல் ஏற்கெனவே ஆயிரம் இருக்கின்றன. யாருக்கும் அதைச் சுட்டும் தேவை இல்லை. அதே பட்டறையின் பழைய பில் புத்தகங்களில், எத்தனை அடி ஆழத்தில் இருந்த மோட்டாருக்குக் காயில் எரிந்தது, எந்த மாதத்தில் அதிகம் எரிந்தது, மின்னழுத்தம் குறைந்ததால் எத்தனை, தண்ணீர் வற்றியதால் எத்தனை என்ற விவரம் பத்தாண்டுகளாகக் கிடக்கும். அதை வாடிக்கையாளர் பெயர்களை நீக்கி, எப்படித் தொகுத்தோம் என்ற குறிப்போடு ஓர் அட்டவணையாக வெளியிட்டால், வேளாண் செய்தியாளருக்கும் பொறியியல் மாணவருக்கும் மோட்டார் விற்பவருக்கும் அது ஆதாரமாகிறது. உலகில் வேறு எங்கும் கிடைக்காதது என்பதால் அவர்கள் அதைச் சுட்டியே ஆக வேண்டும். எல்லா உத்திகளிலும் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

இப்படி ஒரு பக்கம் முதல் சில இணைப்புகளைப் பெற்றுவிட்டால் பிறகு அது தானாக வளர்வதற்கும் காரணம் உண்டு. வலையமைப்புகளில் ஏற்கெனவே அதிக இணைப்பு உள்ள முனைக்கே (வலையில் என்றால், பக்கத்துக்கே) புதிய இணைப்புகள் கூடுதலாகச் சேரும் என்பதை ஆல்பர்ட்-லாஸ்லோ பரபாசியும் ரேக்கா ஆல்பர்ட்டும் 1999இல் விளக்கினார்கள். தேடலில் மேலே இருக்கும் ஆதாரத்தைத்தான் அடுத்து எழுதுபவர் பார்ப்பார், அதையே சுட்டுவார், அதனால் அது மேலும் மேலே போகும். தமிழில் இதற்குச் சிறந்த சான்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். பழந்தமிழ் நூல்களின் மூலபாடத்தைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா முதல் பல்கலைக்கழகப் பக்கங்கள் வரை அதைச் சுட்டுகின்றன. அந்த இணைப்புகளை ஈர்த்தது அந்த மூலபாடமே.

புதிய தளத்துக்கு அந்த முதல் இணைப்புகளைப் பெற்றுத் தருவதில் செய்தியாளர்களின் பங்கு பெரிது. குறிப்பிட்ட துறையில் கருத்துச் சொல்ல ஆள் தேடும் செய்தியாளர் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கட்டுரையை முடிக்க வேண்டியவர். உரிய நேரத்தில், சுற்றி வளைக்காமல், மேற்கோளாக அப்படியே எடுத்துப் போடக்கூடிய மூன்று நான்கு வாக்கியங்களையும் அவற்றுக்கான ஆதாரத்தையும் தருபவரை அவர் நினைவில் வைத்துக்கொள்வார். பிற தளங்களில் விருந்தினராகக் கட்டுரை எழுதுவதும் அந்தத் தளத்தின் வாசகருக்குப் பயன்படும் என்றால் நல்லதுதான். இணைப்புக்காக மட்டும் அதைச் செய்வதன் காலம் முடிந்துவிட்டது என்று கூகுளின் மேட் கட்ஸ் 2014லேயே எழுதிவிட்டார்.

அறுந்த இணைப்புகளைத் தேடிப்பிடிப்பது இன்னொரு வழி. இதில் பொதுநலமும் கலந்திருக்கிறது. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் அணுக முடியாதவையாகிவிட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரைகளில் 54 விழுக்காட்டில், சான்றுப் பகுதியில் ஓர் இணைப்பாவது இல்லாத பக்கத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. அதாவது, எத்தனையோ எழுத்தாளர்கள் ஒரு பொருளுக்கு ஆதாரம் தேவை என்று முன்பே முடிவுசெய்துவிட்டார்கள்; அந்த ஆதாரம்தான் இப்போது காணாமல் போயிருக்கிறது. அதே பொருளில் அதைவிட நல்ல பக்கம் உங்களிடம் இருந்தால், அறுந்த இடத்தைச் சுட்டிக்காட்டி அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம். பழைய பக்கத்தில் என்ன இருந்தது என்பதை இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ பெரும்பாலும் காட்டிவிடும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதப்பட்டு, இலவசத் தள சேவைகள் மூடப்பட்டபோது அழிந்துபோன தமிழ்ப் பக்கங்கள் பலவற்றுக்கு இன்னும் மாற்று எழுதப்படவில்லை. தமிழில் எழுதுபவர்களுக்கு இது திறந்தே கிடக்கும் வயல். உங்கள் பெயரைக் குறிப்பிட்டும் இணைப்பு தராதவர்களுக்கு எழுதிக் கேட்பது இதைவிட எளிது. அவர்கள் உங்களை ஏற்கெனவே மதித்துவிட்டார்கள்.

இவற்றின் பயனை அளக்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஒரு தளத்தின் செல்வாக்கைக் காட்டுவதாகச் சொல்லப்படும் ‘டொமைன் அத்தாரிட்டி’ போன்ற எண்கள் தனியார் கருவிகள் தங்கள் தரவிலிருந்து கணக்கிடும் மதிப்பீடுகள். அவை கூகுளின் எண்கள் அல்ல. கூகுள் தன் பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டுவதை 2016இல் நிறுத்திவிட்டது. புதிய இணைப்பு வழியாக எத்தனை வாசகர்கள் வந்தார்கள், வந்தவர்கள் படித்தார்களா என்று பார்ப்பதே நம்பகமானது.

கடைசியாக, பிறரிடம் கேட்பதற்கு முன் சொந்த வீட்டில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்க முகவரிகளை மாற்றிவிட்டால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகள் எல்லாம், பக்கம் இல்லை என்று சொல்லும் 404 என்ற பிழையில் போய் முட்டும். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் எழுதியது இதைத்தான். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் 301 என்ற குறியீடு இருக்கிறது. அது இணைப்பின் எடையையும் கூடவே எடுத்துச் செல்கிறது. உங்கள் சர்வரின் பதிவேட்டைத் திறந்து, 404 பெற்ற முகவரிகளையும் அவற்றுக்கு வாசகரை அனுப்பிய பக்கங்களையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். அதில் வெளித்தளம் ஒன்றிலிருந்து வாசகர் வந்த ஒவ்வொரு வரியும் பெரும்பாலும் யாரோ ஒருவர் உங்களுக்கு எப்போதோ மனமுவந்து தந்த இணைப்பு. அதை மீட்க ஒரு வரி எழுதினால் போதும்.