பெயரில் மட்டும் பேலன்சர்

கார் இன்ஜினின் முன்புறம், கீழே, பெல்ட் சுற்றி ஓடும் தடித்த சக்கரம் ஒன்று இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் கிராங்க் புல்லி என்பார்கள். உதிரிபாகப் பட்டியலில் ஹார்மோனிக் பேலன்சர் என்று போட்டிருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், பெரும்பாலான கார்களில் அதன் முகத்தில் வட்டமாக ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது ரப்பர். உள்ளே ஹப் என்ற நடுப்பகுதி, வெளியே கனமான இரும்பு வளையம், இரண்டையும் பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள சில மில்லிமீட்டர் ரப்பர்தான். வெறும் பெல்ட்டை ஓட்டுவதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. பெல்ட் ஓட்டுவது அதன் உபதொழில்.

அசல் தொழில் என்ன என்று புரிய, பிஸ்டன்களின் தள்ளலைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் பற்றிய ஒரு நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். கையில் தூக்கிப் பார்த்தால் அது அசையாத இரும்பு. ஓடும்போது அது ஒரு ஸ்பிரிங். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், தண்டுக்கு நொடிக்கு 100 முறை அடி விழுகிறது. ஒவ்வோர் அடிக்கும் தண்டு அந்த இடத்தில் கொஞ்சம் முறுகுகிறது. அடி ஓய்ந்ததும் திரும்பி வருகிறது. வந்த வேகத்தில் தன் இடத்தையும் தாண்டி மறுபக்கம் முறுகுகிறது. முறுகும் அளவு பொதுவாக ஒரு டிகிரிக்கும் குறைவுதான். பின்முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் இருப்பதால் அந்தப் பக்கம் அதிகம் ஆடாது. ஆட்டமெல்லாம் சுதந்திரமாக இருக்கும் முன்முனையில் நடக்கிறது. பேலன்சரை அங்கே கொண்டுபோய் மாட்டியிருப்பது அதனால்தான்.

ஒரு டிகிரிக்குள் முறுகித் திரும்பினால் என்ன குடி முழுகிவிடும்? பெரும்பாலான வேகங்களில் ஒன்றும் ஆகாது. ஆனால் பாதி வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்திருப்பீர்கள். ஒரு குறிப்பிட்ட நடைவேகத்தில் மட்டும் தண்ணீர் ஏறி ஏறி விளிம்பைத் தாண்டிக் காலில் கொட்டும். நடையை மாற்றினால் அடங்கிவிடும். தளும்புவதற்குத் தண்ணீருக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. உங்கள் நடை அதோடு சேர்ந்துவிட்டால் ஒவ்வோர் அடியும் முந்தைய ஆட்டத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. கிராங்க் ஷாஃப்டுக்கும் முறுகி மீள்வதற்கென்று அப்படி ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு.

ஒரு பேச்சுக்கு, ஓர் ஆறு சிலிண்டர் இன்ஜினின் தண்டுக்கு அது நொடிக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு என்பதால், 6000 சுற்றில் வெடிப்புகளே நொடிக்கு 300 ஆகிவிடும். அங்கே நேரடி மோதல். சரி, நாம் 6000-க்குப் போவதே இல்லையே என்றால், அதுவும் தப்பிக்கும் வழி இல்லை. வெடிப்பு என்பது வழவழப்பான தள்ளல் அல்ல, சுரீரென்ற அடி. ஒரு தந்தியைச் சுண்டினால் அடிப்படை ஒலியோடு அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிப்பதைப் போல, இந்த அடிக்குள்ளும் பல மடங்குகள் ஒளிந்திருக்கின்றன. சுற்றுக்கு ஆறு என்ற மடங்கு 3000 சுற்றிலேயே 300-ஐத் தொட்டுவிடும். ஒரு சிலிண்டரின் அடி சுற்றுக்கு அரைதான் என்பதால் அரைக் கணக்கு மடங்குகளும் உண்டு, சுற்றுக்கு நாலரை என்ற மடங்கு 4000-த்தில் தொடும். ‘ஹார்மோனிக்’ என்ற சொல் இந்த மடங்குகளைத்தான் குறிக்கிறது. ஆக, கியர் மாற்றி வேகம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி இந்த ஆபத்தான இடங்களில் சிலவற்றைக் கடந்துதான் போகிறது.

1900-களில் ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் வந்தபோது இது பெரிய தலைவலியாக இருந்தது. தண்டு நீளமாக நீளமாக எளிதில் முறுகும். குறிப்பிட்ட வேகத்தில் இன்ஜின் கடகடவென்று அதிரும். தண்டுகள் முறிந்ததும் உண்டு. பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1910-இல் இதற்கு ஒரு டேம்பரை, அதாவது துடிப்பைத் தணிக்கும் அமைப்பை, வடிவமைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தண்டின் முனையில், அதோடு இறுக்கிப் பிணைக்காமல், எண்ணெயில் ஊறிய தகடுகள் வழியாகச் சுழலும் ஒரு சிறு ஃப்ளைவீல். தண்டு துடித்தால் அந்தச் சக்கரம் கூடவே துடிக்காது. இடையில் உள்ள எண்ணெய் அந்தத் துடிப்பை உறிஞ்சிவிடும்.

இன்றைய ரப்பர் வகை இதைவிடக் கொஞ்சம் தந்திரமானது. ஹப் தண்டோடு சேர்ந்து துடிக்கும். வெளி வளையமோ கனத்தால் சீராகச் சுற்றவே பார்க்கும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் இழுபட்டு இழுபட்டுத் துடிப்பைச் சூடாக மாற்றுகிறது. அதோடு, வளையத்தின் கனத்தையும் ரப்பரின் விறைப்பையும் தண்டின் அதிர்வெண்ணுக்குப் பொருந்தும்படி அமைத்திருப்பார்கள். தண்டு ஒரு பக்கம் முறுகும்போது வளையம் எதிர்ப்பக்கம் இழுக்கும். பெரிய டீசல் இன்ஜின்களில் ரப்பருக்குப் பதில், மூடிய பெட்டிக்குள் கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் மிதக்கும் வளையம் இருக்கும். அந்தப் பெட்டியில் ஓர் ஒடுக்கு விழுந்தாலே உள்ளே வளையம் சிக்கிக்கொள்ளலாம். அதைக் கழற்றி மாற்ற வேண்டியதுதான்.

கவனித்தீர்களா, இதுவரை ‘பேலன்ஸ்’ என்ற பேச்சே வரவில்லை. எடையைச் சமன்படுத்துவது வேறு, முறுக்கைத் தணிப்பது வேறு. பெயர் வைத்தவர் இரண்டையும் குழப்பிவிட்டார் என்பது என் கட்சி. சில இன்ஜின்களில் மட்டும் இந்தச் சக்கரத்திலேயே ஒரு பக்கம் கூடுதல் எடை வைத்துச் சமநிலைக்கும் பயன்படுத்துவார்கள். ஃபோர்டின் 302 கன அங்குல வி8 இன்ஜினில் பழையவற்றுக்கு அந்த எடை 28 அவுன்ஸ்-அங்குலம். 1980-களில் அது 50 ஆனது. பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று மாற்றி மாட்டினால் இன்ஜின் குலுங்கித் தீர்க்கும்.

இரும்பு எளிதில் தேயாது, ரப்பர் மூப்படையும். சூடு, கசியும் ஆயில், வயது எல்லாம் சேர்ந்து அதை வெடிக்க வைக்கும், பிதுங்க வைக்கும். பிடி விட்டுப்போன வெளி வளையம் தள்ளாடத் தொடங்கும். பெல்ட் கீச்சிடும், ஓரம் பிய்ந்து கழலும். அடியிலிருந்து வரும் டக் டக் சத்தத்தைக் கேட்டுக் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் போய்விட்டது என்று இன்ஜினையே பிரிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதற்கு முன் ஒரு நிமிடம் இந்தப் புல்லியைப் பாருங்கள். வளையம் தள்ளாடாமல் வழுக்கி மட்டும் போனால் இன்னும் வம்பு. தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்க உதவும் டைமிங் குறி பெரும்பாலும் வெளி வளையத்தில்தான் இருக்கும். அது நகர்ந்துவிட்டால் டைமிங் லைட் பிடித்துச் சரிசெய்பவர் பொய்யான குறியை நம்பித் தவறாகச் சரிசெய்வார். கிராங்க் சென்சாருக்கான பற்களும் அந்த வளையத்தில் இருந்தால், செக் இன்ஜின் விளக்கு எரியும்.

சோதனைக்குக் கருவி வேண்டாம். இன்ஜின் நின்று ஆறிய பிறகு, ஹப்பிலிருந்து ரப்பரைக் கடந்து வெளி வளையம் வரை வெள்ளை பெயின்டால் ஒரே கோடு இழுத்து வையுங்கள். சில வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு முறிந்து இரண்டு பக்கமும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரப்பர் விட்டுவிட்டது. ஒட்டவைப்பதெல்லாம் நடக்காது, புதிதுதான்.

கழற்றும்போது செய்யும் தவறுகளே தனிக் கதை. நகம் போட்டு வெளி வளையத்தைப் பிடித்து இழுக்கும் புல்லர் கூடாது. இழுப்பு முழுக்க ரப்பரில்தான் விழும். ஹப்பில் உள்ள துளைகளில் போல்ட் போட்டு இழுக்கும் வகைதான் வேண்டும். இறுக்கமாகப் பொருந்தும் புல்லியை மாட்டும்போது சுத்தியால் அடித்தால் ரப்பரும் கெடும், உள்ளே தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும் அடி வாங்கும். சில இன்ஜின்களில் புல்லி தண்டின் மேல் வழுக்காமல் பூட்டும் சாவித் துண்டே (கீ) கிடையாது. நடு போல்ட்டின் இறுக்கம் ஒன்றே புல்லியையும் டைமிங் பல்சக்கரத்தையும் பிடித்திருக்கும். அதைத் தளர்த்துமுன் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் பூட்டி வைக்காவிட்டால் டைமிங் போய்விடும். அந்த போல்ட் பல வண்டிகளில் ஒரே முறை பயன்படுத்தக்கூடியது, இறுக்கவேண்டிய அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். புல்லி வெளியே இருக்கும்போதே முன்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். அப்புறம், புதியதை மாட்டியதும் அதன் மேலும் அந்த வெள்ளைக் கோட்டை இழுத்து வையுங்கள்.