‘ஏதோ நெருடுது’ என்பதும் ‘எனக்கென்ன தெரியும்’ என்பதும்

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "அப்பவே மனசுல பட்டுச்சு. நான்தான் காதுல வாங்கலை." வேலை மாறியதைப் பற்றிச் சொல்வார்கள், கல்யாணத்தைப் பற்றி, கூட்டாகத் தொடங்கிய தொழிலைப் பற்றி, உடம்பில் வந்த ஒரு வலியைப் பற்றி. மனநல ஆலோசகராகப் பல வருடங்கள் இதைக் கேட்டதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. பெரும்பாலும் அவர்கள் மனசில் பட்டது தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அடுத்த நொடியே இன்னொரு குரல் வந்து, "உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறது. அவர்கள் அந்த இரண்டாவது குரலை நம்பிவிட்டார்கள்.

முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கணக்கு பார்க்கும் வேலை, 11 வருட அனுபவம். ஒரு நாள் மேலாளர் ஒரு கோப்பை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். "பேனாவைத் திறந்துட்டேன். மூணாவது பக்கத்துல கை நின்னுடுச்சு. ஏன்னு சொல்லத் தெரியலை. அதுக்குள்ள அவர், ‘என்ன, சந்தேகமா?’ன்னு கேட்டார். உடனே போட்டுட்டேன்." பிறகு தணிக்கையில் தெரிந்தது, ஒரே பில் இரண்டு தேதிகளில் ஏறியிருந்தது.

அந்தத் தவறு எப்படியோ சரிசெய்யப்பட்டுவிட்டது. அவர் என்னிடம் வந்தது அதற்குப் பிறகு நடந்ததற்காக. எதையும் தானாக முடிவு செய்ய முடியவில்லை. ஒரு மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் மூன்று பேரிடம் காட்டுகிறார். என்னிடம் பேசும்போதுகூட வாக்கியத்துக்கு வாக்கியம் "சரிதானே?" என்று முடித்து என் முகத்தைப் பார்ப்பார்.

இரண்டாவது சந்திப்பில் கேட்டேன்: "கை நின்னப்போ உங்க கண்ணு எங்க இருந்துச்சு?"

யோசித்தார். "வலது ஓரத்துல. தொகை இருக்கற பத்தியில."

"அங்க என்ன இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு எண். அதை அதுக்கு முந்தின வாரமே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துச்சு."

அவர் கை காரணமில்லாமல் நிற்கவில்லை. 11 வருடம் எண்களோடு பழகிய கண், வாய்க்குச் சொல் கிடைப்பதற்கு முன்பே அந்த எண்ணை அடையாளம் கண்டுவிட்டது. "பட்சி சொல்லுச்சு" என்று நாம் விளையாட்டாகச் சொல்வோமே, அந்தப் பட்சிக்கு மந்திரம் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் இதுவரை பார்த்தவையும் கேட்டவையும்தான். பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் இதையே சுருக்கமாகச் சொன்னார்: உள்ளுணர்வு என்பது அடையாளம் காணுதல், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

உளவியலாளர் கேரி க்ளைன் 1980-களில் தீயணைப்புப் படைத் தலைவர்களிடம் போய், நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கேட்டுப் பதிவு செய்தார். அதில் ஒருவர் சொன்ன சம்பவத்தை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். ஒரு வீட்டின் பின்பக்கச் சமையலறையில் தீ. தண்ணீர் அடிக்கிறார்கள், அடங்கவில்லை. அந்தத் தலைவருக்கு ஏதோ சரியாகப் படவில்லை. "எல்லாரும் வெளியே வாங்க" என்று கத்தி ஆட்களை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் நின்றிருந்த தரை சற்று நேரத்தில் இடிந்து உள்ளே விழுந்தது. தீயின் மூலம் தரைக்கு அடியில் நிலவறையில் இருந்திருக்கிறது. நடக்கப் போவது தனக்கு முன்கூட்டியே தெரிந்த மாதிரி இருந்தது, ஏதோ அதீத சக்தி என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். க்ளைன் விடாமல் கேட்டபோது காரணங்கள் வெளியே வந்தன: அடித்த தண்ணீருக்குத் தீ அடங்கியிருக்க வேண்டும், அடங்கவில்லை. அந்த அளவுத் தீக்கு இருக்க வேண்டியதைவிடச் சூடு அதிகம். சத்தமோ குறைவு. பழகிய கணக்கோடு எதுவும் பொருந்தவில்லை.

பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர்களைப் பற்றியும் க்ளைனோடு வேலை செய்த பெத் கிராண்டல் இப்படி ஆராய்ந்தார். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, "இந்தக் குழந்தைக்குத் தொற்று ஆரம்பிச்சிருக்கு" என்று அனுபவமுள்ள செவிலியர்களுக்குத் தோன்றிவிடும். கேட்டால் "பார்த்தாலே தெரியும்" என்பார்கள். பொறுமையாகத் துருவியபோது அவர்கள் கவனித்த அறிகுறிகள் ஒவ்வொன்றாக வந்தன. சில அன்றைய மருத்துவப் பாடங்களில்கூட இல்லாதவை.

ஆகவே, காரணம் சொல்லத் தெரியவில்லை என்பதற்காகக் காரணமே இல்லை என்று ஆகிவிடாது. தன்னைத்தானே சந்தேகிப்பவர்கள் தடுக்கிவிழும் முதல் இடம் இது. எதிரில் இருப்பவர் "ஏன்?" என்று கேட்கிறார், உடனே பதில் வரவில்லை, அதனால் தனக்குத் தோன்றியதே தப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சரி, மனசில் எழுவது உள்ளுணர்வா, வெறும் பயமா என்று எப்படிப் பிரிப்பது? எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. படபடப்பு, அடிவயிறு கலங்குவது, தொண்டை அடைப்பது எல்லாம் இரண்டிலும் வரும் என்பதால் உடம்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நான் பார்ப்பது, அந்தக் குரல் யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதை. உள்ளுணர்வு எதிரே இருக்கும் விஷயத்தைப் பற்றிப் பேசும்: "இந்த எண் இடிக்குது", "இவர் சொல்ற நாள் கணக்கு பொருந்தலை", "குழந்தை அழற விதம் வேற மாதிரி இருக்கு." தன்மேல் வரும் சந்தேகம் உங்களைப் பற்றிப் பேசும்: "நீ யார் இதைச் சொல்ல", "எல்லாருக்கும் புரியுது, உனக்கு மட்டும்தான் புரியலை." பயம் இன்னும் நடக்காததைப் பற்றிப் பேசும். ஒருவேளை அப்படி ஆனால், ஒருவேளை இப்படி ஆனால் என்று கிளை விட்டுக்கொண்டே போகும். கணக்குப் பார்க்கும் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது சட்டென்று நிமிர்ந்தார். "கை நின்னது எண்ணைப் பார்த்து. கையெழுத்துப் போட்டது என்னை நினைச்சு" என்றார். நான் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

இந்தக் குழப்பம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. பயிற்சி முடித்து வேலைக்கு வந்த முதல் வருடம். பல வாரங்களாகக் கனத்த முகத்தோடு வந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் அன்று அமைதியாக இருந்தார். நன்றாகத் தூங்கினேன் என்றார். என்னிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். பாதியில் செருகிய அட்டை அப்படியே இருந்தது. "முடிக்கலையே?" என்றேன். "பரவாயில்லை மேடம், உங்ககிட்டயே இருக்கட்டும். எல்லாத்துக்கும் ரொம்ப நன்றி" என்று எழுந்தார். எனக்குள் ஏதோ இறுகியது. உடனே அந்த மற்றக் குரல்: நேற்று வந்தவள் நீ, மனுஷன் இப்போதுதான் தேறியிருக்கிறான், நீயே எதையாவது கிளறிவிடாதே. அவர் கதவைத் திறந்துவிட்டார். எனக்குக் கண்ணில் நின்றது அந்தப் பாதியில் நின்ற அட்டை. "ஒரு நிமிஷம் உட்காருங்க" என்றேன். உட்கார்ந்ததும் நேரடியாகக் கேட்டேன்: "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதார். அன்று அவர் தனியாகத் திரும்பிப் போகவில்லை. குடும்பத்தார் வந்தார்கள், மருத்துவரைப் பார்த்தோம், நெடுநாள் சிகிச்சைக்குப் பிறகு மீண்டார்.

நீண்ட துயரத்துக்குப் பின் திடீரென்று வரும் அமைதி, பொருட்களைத் திருப்பிக் கொடுப்பது, விடைபெறுவதுபோல் பேசுவது எல்லாம் எச்சரிக்கை அறிகுறிகள் என்று நான் படித்திருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, உள்ளே இறுகியது மட்டும்தான் தெரிந்தது. தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நெருங்கியவர் விஷயத்தில் உங்களுக்கு அப்படி நெருடினால் தயங்காமல் கேளுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள். உங்கள் கணிப்பு தப்பாகப் போனால் வரும் சங்கடம் ஒரு பொருட்டே அல்ல.

தன்மேல் வரும் இந்தச் சந்தேகத்தோடு யாரும் பிறப்பதில்லை. ஒரு குழந்தை "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்கிறது, "இல்லை, இன்னும் பசிக்கும்" என்கிறோம். "எனக்கு அவரைப் பிடிக்கலை, மடியில உட்கார மாட்டேன்" என்கிறது, "பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாது" என்கிறோம். இரண்டாவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். தன் உடம்பு சொல்வதைவிடப் பெரியவர் சொல்வதுதான் உண்மை என்று அந்தக் குழந்தைக்கு நாம் கற்றுக்கொடுக்கிறோம். ஆபத்தான ஓர் ஆள் பக்கத்தில் வரும்போது அது எதை நம்பும்? தயவுசெய்து, குழந்தை ஒருவரிடம் போக மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். பிறகு தனியாக உட்கார்த்திவைத்து, "ஏன் பிடிக்கலை?" என்று நிதானமாகக் கேளுங்கள்.

பெரியவர்களானாலும் சுற்றியிருப்பவர்கள் ஒரே குரலில் பேசினால் நம் கண்ணையே நம்ப மாட்டோம். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனை பிரபலமானது. மூன்று கோடுகளில் எது நான்காவது கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கூட இருந்தவர்கள் எல்லாரும், சொல்லிவைத்தபடி, தவறான கோட்டையே காட்டினார்கள். சோதனைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அந்தத் தவறோடு ஒத்துப்போனார்கள். என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தவர்களும் அதில் உண்டு. நான் அதிகம் பேச விரும்புவது இதன் அடுத்த பாதியை. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் போதும், தவறோடு ஒத்துப்போவது கால்பங்காகக் குறைந்துவிட்டது. வீட்டிலோ அலுவலகத்திலோ "எனக்கும் அப்படித்தான் படுது" என்று சொல்லக்கூடிய ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நீங்களே இன்னொருவருக்கு அப்படி இருங்கள்.

மனசில் பட்டதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் நான் சொல்ல மாட்டேன். க்ளைனும், உள்ளுணர்வின் பிழைகளையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த டேனியல் கானமனும் எதிரெதிர் அணி. இருவரும் சேர்ந்து 2009-ல் எழுதிய கட்டுரையில் ஓர் எல்லைக்கோட்டுக்கு வந்தார்கள்: அந்தத் துறையில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும், நமக்கு அதில் நீண்ட பழக்கமும் சரியா தப்பா என்று திரும்பத் தெரியும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். பங்கு விலை நாளை ஏறுமா என்பதில் உங்கள் பட்சிக்கு ஒன்றும் தெரியாது. முதல் பார்வையில் ஒருவரைப் பிடிக்காமல் போவது அவர் நிறத்தாலும் பேச்சு வழக்காலும்கூட இருக்கலாம். அதற்குப் பெயர் முன்முடிவு. தேர்வில் முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்பார்கள். 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தார்கள். மாற்றிய விடைகளில் பாதி தவறிலிருந்து சரிக்குப் போயிருந்தன, சரியிலிருந்து தவறுக்குப் போனவை கால்பங்குதான். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகும், கோபத்தின் உச்சியிலும் வரும் தோன்றல்களைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பூட்டியதை நூறுமுறை சரிபார்க்கச் சொல்லும் குரல் உங்களுக்கு இருந்தால் அது சிகிச்சையில் குணமாகக்கூடிய நோயின் குரலாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கணக்குப் பார்க்கும் பெண்ணிடம் நான் இரண்டே இரண்டு வேலை கொடுத்தேன். எந்த அவசரத்திலும், "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிப் பழகுவது. அந்த ஒரு நாளில் பட்சி சொன்னதற்குச் சொல் கிடைத்துவிடும். இன்னொன்று ஒரு சின்ன நோட்டு. தேதி, மனசில் பட்டது, அப்போது கண் எங்கே இருந்தது, கடைசியில் என்ன ஆனது. பலித்ததையும் எழுத வேண்டும், பொய்த்ததையும் எழுத வேண்டும். நினைவை மட்டும் நம்பினால், தன்மேல் சந்தேகம் உள்ளவர்களுக்குப் பொய்த்தவை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

நான்கு மாதம் கழித்து அந்த நோட்டைக் கொண்டுவந்தார். நடுங்கிய கையெழுத்தில் ஆரம்பப் பக்கங்கள், ஒவ்வொன்றின் கீழும் "நான் சரியான மக்கு" என்று ஒரு வரி. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன். அலுவலகக் கணக்கு விஷயங்களில் அவர் மனசில் பட்டவை பெரும்பாலும் சரியாக இருந்தன. ஆட்களைப் பற்றிப் பட்டவை அவ்வளவாக இல்லை. கடைசிப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்: "எதையோ மறைக்கிறார்னு தோணுச்சு. விசாரிச்சேன். அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். நான் நினைச்சது தப்பு."

அதன் கீழே வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. அடுத்த தேதி ஆரம்பித்திருந்தது.