கல்லில் சேறு, தேரைக்குப் பட்டினி

கல்லுக்குள் தேரைக்கும் ஒருவன் படியளக்கிறான் என்பது பழைய பேச்சு. ஓடைத் தேரைக் குஞ்சுக்குப் படியளப்பது அந்தக் கல்லேதான். அன்சோனியா பேரினத்துத் தலைப்பிரட்டைகளின் வாய் அகன்று, சுவரில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் மாதிரி இருக்கும். பாயும் தண்ணீரில் பாறையைக் கவ்விக்கொண்டே பாசியைச் சுரண்டித் தின்னும். கல்லில் மெல்லிய சேறு படிந்தால் பிடியும் போச்சு, தீனியும் போச்சு.

இதே பேரினத்துச் சம்பாஸ் ஓடைத் தேரையை 1924க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 2011இல் ஆய்வாளர் இந்திரனில் தாஸின் குழுவினர் மலேசியாவின் சரவாக் மாநிலத்துப் பென்ரிசன் மலையில் மறுபடி கண்டார்கள். அது அழியும் ஆபத்திலுள்ள இனம். தீபகற்ப மலேசியாவில், நம் கோலகுபு பாரு ஊருக்கு மேலே, ஃபிரேசர் மலையில் வாழ்வது 2008இல் பெயர் பெற்ற அன்சோனியா ஜீத்சுகுமாரனி. ஆம், ஜீத் சுகுமாரன் என்ற ஆய்வாளரின் பெயர்தான்.

காட்டை ஒட்டிய மேல் பிளாக்குகளில் செம்பனை மறுநடவு நடக்கும் காலம்தான் இந்த ஓடைகளுக்கு மோசம். எங்களைக் கேட்டால் களைக்கொல்லி மருந்தைவிட மண்தான் பெரிய எதிரி. ஒரே சாயங்கால மழையில், புதிதாக வெட்டிய லாரிப் பாதையின் செம்மண் நேரே ஓடைக்குள் இறங்கிவிடும். பாதைத் தண்ணீரை ஓரத்தில் வெட்டிய மண் குழிகளில் விட வேண்டும். பாதி நிரம்பியதும் குழியைத் தூர்வாருங்கள்; நிரம்பிய குழி இருந்தும் இல்லாத மாதிரிதான். வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குங்கள். சரிவு வாக்கில் அடுக்கினால் அதுவே வாய்க்காலாகிவிடும். முகுனா மூடுபயிர் தரையை மூட மாதங்கள் பிடிக்கும் என்பதால், அக்டோபர் மழைக்கு வெகு முன்பே விதைக்க வேண்டும்.

5 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர் விட வேண்டும் என்பது மலேசிய வடிகால் துறையின் வழிகாட்டி. 5 முதல் 10 மீட்டர் அகலத்துக்கு 10 மீட்டர். அங்கே மருந்தும் கூடாது, உரமும் கூடாது. எல்லையில் சிவப்புச் சாயம் பூசிய குச்சி நடுங்கள். முதுகில் மருந்தடிக்கும் பம்பு, முகத்தில் துணியோடு புல்லுக்குள் நடப்பவருக்குக் கரை எங்கே என்று தெரியாது.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்துகள் பலவற்றில், இலையில் பரவ வைக்கச் சேர்க்கும் சோப்பு மாதிரிப் பொருள்தான் தலைப்பிரட்டையின் செவுளை அதிகம் கெடுக்கிறது. பம்பை ஓடையில் கழுவுவது அதனால்தான் பெரிய தப்பு. ஆனால் வேறு தண்ணீர் இல்லாததால்தான் ஆட்கள் அங்கே போகிறார்கள். மண்டோரை, அதாவது வேலை மேற்பார்வையாளரை, திட்டிப் பயனில்லை, பிளாக்கிலேயே ஒரு தண்ணீர்த் தொட்டி வையுங்கள். மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடித்த இடத்திலேயே தெளித்துவிடலாம்.

மலைக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், பிடித்து விற்பவர்களும் பார்ப்பார்கள். ஒரு ஓடையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் காலணியைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காய வையுங்கள். தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சைக்கு ஈரம்தான் உயிர்.

ஓடையின் நிலை தெரிய, மழை விட்ட மறுநாள் பாயும் நீரிலுள்ள கல்லை விரலால் தேயுங்கள். வழுக்கினால் பாசி. பழுப்பாகக் கலங்கினால் கரையோரமாக மேலே நடந்து, சேறு எந்தப் பாதை வளைவில் இறங்குகிறது என்று பாருங்கள்.