முட்டை கழுவும் எந்திரத்தில் எதைக் குறைக்கக் கூடாது

சிங்கப்பூரில் மிச்சமிருக்கும் முட்டைப் பண்ணைகள் எல்லாம் பெரியவை. அவற்றின் எந்திரங்கள் சிறு பண்ணைக்குக் கட்டுப்படியாகாது. மலேசியாவின் ஜோகூரில், கூலாய் பக்கம் 400 கோழி வளர்க்கும் ஓர் அண்ணனுக்காக இங்கே என் பட்டறையில் மலிவாக ஒன்றைச் செய்யத் தொடங்கினேன்.

"இப்போ எப்படிண்ணே கழுவுறீங்க?" என்று கேட்டேன்.

"வாளித் தண்ணியில ஊறப்போட்டுத் தேய்ப்போம் தம்பி."

அந்த வாளிதான் ஆபத்து. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய படலம் கழுவும்போது போய்விடும். தண்ணீர் முட்டையைவிடக் குளிர்ந்திருந்தால் உள்ளிருப்பது சுருங்கி, அழுக்கு நீரைத் துளை வழியே இழுத்துக்கொள்ளும். வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி அப்படியும் உள்ளே போகலாம். நம் குழாயில் வெதுவெதுப்பாகத்தானே வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். சற்றுமுன் இட்ட முட்டைக்கு நம் குழாய்த் தண்ணீர் குளிர்ந்த நீர்தான்.

அமெரிக்க விதிப்படி, கழுவும் நீர் 32 டிகிரிக்குக் குறையக் கூடாது. முட்டையைவிட 11 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். இங்கே ஆறிய முட்டையே 30 டிகிரி இருக்கும். ஆக, அதற்கே 41 டிகிரிக்கு மேல் வேண்டும்.

முதல் மாதிரியில் செலவைக் குறைக்க, நீரின் சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டேன். வெந்நீர் ஊற்றினால் போதும் என்று நினைத்தது தவறு. சில தட்டுகள் கழுவுவதற்குள் நீர் ஆறிவிட்டது. எத்தனை டிகிரி என்று கையால் தொட்டு யாரும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது தெர்மோஸ்டாட்டும், கண்ணுக்கு நேரே ஒரு வெப்பமானியும் இருக்கின்றன. பணத்தை வேறு இடங்களில் மிச்சம் பிடித்தேன்: எஃகு உடலுக்குப் பதில் உணவுத்தரப் பிளாஸ்டிக், முட்டையை நகர்த்த மோட்டார் பட்டைக்குப் பதில் கையால் சுற்றும் உருளை. ஊறவைக்காமல் நீரைத் தெளிப்பதும், கடைசியில் காற்றாடியால் உலர்த்துவதும் அப்படியே இருக்கின்றன. ஹீட்டரும் நீரும் சேரும் இடம் என்பதால் 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் தடுப்பானில் பேரம் பேசவே முடியாது.

நீரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, கலங்கினால் உடனேயும் மாற்றுங்கள். கழுவிய முட்டையைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அப்புறம், முட்டையிடும் கூட்டில் வைக்கோலை அடிக்கடி மாற்றினால் பல முட்டைகளுக்குக் கழுவலே தேவைப்படாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைக்குப் போகும் முதல்தர முட்டையைப் பொதுவாகக் கழுவ அனுமதியே இல்லை.

அண்ணன் வீட்டில் கிணற்றுத் தண்ணீர். இரும்புச்சத்து 2 பிபிஎம்-ஐ (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) தாண்டினால் கழுவிய முட்டையில் கிருமி வளர அதுவே உதவும். சோதனை முடிவு வந்த பிறகுதான் எந்திரத்தைத் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.